உளி வைக்காத கட்டில்கள்

ஸ்பாட்டக்காவுக்கு வலது கால் பெடலை மிதிக்க, இடது கால் உடம்பைத் தாங்க. பதினாறு வருஷமாக அப்படித்தான். உட்கார ஒரு ஸ்டூல் கொடுத்திருந்தார்கள். கட்டில் தகடு மாதிரி அகலமான உருப்படியை உட்கார்ந்துகொண்டு திருப்ப முடியாது என்பதால், அந்த ஸ்டூலின் மேல் அவளுடைய சாப்பாட்டுத் தூக்குதான் சொகுசாக உட்கார்ந்திருந்தது. அப்பா வைத்த பெயர் வேறு. ஸ்பாட் வெல்டிங் மெஷினில் நிற்கிற அக்கா என்பது நாளடைவில் சுருங்கி ஸ்பாட்டக்கா ஆகிவிட்டது. கோபம் இல்லாத நேரங்களில் வீட்டுக்காரர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

பட்டறையில் ஆஸ்பத்திரிக் கட்டில்கள் செய்தார்கள். வளைத்த இரும்புச் சட்டத்தின் மேல் துளை போட்ட தகட்டை வைத்து ஒட்ட வேண்டும். ஒரு கட்டிலுக்கு முப்பத்தாறு ஸ்பாட். மற்ற வெல்டிங்கைப்போல இதில் கண்ணைக் கூசும் வெளிச்சம் கிடையாது, கம்பி உருகிச் சொட்டுவது கிடையாது. மேலே ஒரு கை, கீழே ஒரு கை. இரண்டின் நுனியிலும் கட்டைவிரல் தடிமனில் செம்பு டிப். நடுவில் இரண்டு தகட்டையும் சேர்த்துக் கொடுத்துப் பெடலை மிதித்தால், மேல்கை இறங்கி இறுக்கிப் பிடிக்கும். கண் இமைக்கிற நேரத்துக்குக் கரண்ட் பாயும். செம்பில் அது தடையில்லாமல் ஓடிவிடும். தகடும் தகடும் தொடுகிற இடத்தில்தான் திணறும். அந்தத் திணறலில் உள்ளே சூடு பிறந்து, ஒரு பருப்பளவு இரும்பு உருகி, இரண்டு தகடும் ஒன்றாகிவிடும். கரண்ட் நின்ற பிறகும் டிப் ஒரு நொடி அப்படியே அழுத்திக்கொண்டிருக்கும், உருகியது உறையட்டும் என்று. காலை எடுத்தால் மேலே ஒரு சின்னக் குழியும் அதைச் சுற்றி ஒரு நீல வளையமும் மட்டும் தெரியும்.

உள்ளே பிடித்ததா இல்லையா என்பது வெளியே தெரியாது. அதுதான் இந்த வேலையில் உள்ள வம்பு.

அந்த வம்பைப் பார்த்துக்கொள்ளத்தான் தம்பி இருந்தான். அவளைவிட ஆறு வயது சின்னவன். அவள்தான் முதலாளியிடம் சொல்லி அவனைப் பட்டறையில் சேர்த்துவிட்டாள். தகடு சுமந்தான், துடைத்தான், வெட்டினான். கணக்காகப் பேசுவான், கை சுத்தம் என்பதால் நாலைந்து வருஷத்தில் சரிபார்க்கிற வேலை கொடுத்தார்கள். ஒரு உளி, ஒரு சுத்தியல், ஒரு ரப்பர் முத்திரை. காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை, பத்துக் கட்டிலுக்கு ஒரு தடவை, வெல்டர்கள் இரண்டு துண்டுத் தகட்டை ஒட்டிக் கொடுக்க வேண்டும். அவன் நடுவில் உளியை நுழைத்துத் தட்டிப் பிரிப்பான். நல்ல ஸ்பாட் என்றால் ஒட்டு விடாது. பக்கத்துத் தகடு கிழிந்து, ஒட்டு மட்டும் சட்டைப் பித்தான் மாதிரி ஒரு பக்கம் நின்றுவிடும். பித்தான் வந்தால் கட்டில் காலில் முத்திரை. சும்மா இரண்டாகப் பிரிந்துவிட்டால், அதுவரை அடித்ததெல்லாம் திரும்ப வரும்.

முத்திரை கையில் வந்த நாளிலிருந்து அவனுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தவர் பிரஸ் மெஷின்காரர். "இன்ஸ்பெக்டர் வர்றாரு, எல்லாரும் பித்தானைப் போட்டுக்குங்க" என்பார். பட்டறையே சிரிக்கும். தம்பியும் சேர்ந்து சிரிப்பான்.

அக்காவின் துண்டுக்கு மட்டும் அவன் உளி வைப்பதை நிறுத்திப் பல காலம் ஆகியிருந்தது. ஆரம்பத்தில் வைத்தான். ஒவ்வொரு தடவையும் பித்தான் வந்தது. பிறகு கையில் வாங்கி, வெளிச்சத்தில் ஒரு திருப்புத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெட்டியில் போட்டுவிடுவான்.

"ஏன்டா, என்னுதுக்கு உளி வைக்க மாட்டியா?"

"எதுக்குக்கா உளியோட முனையைக் கெடுத்துக்கணும்?"

கேட்க அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கெல்லாம் அவள் மதியம் தூக்கைத் திறக்கும்போது அவித்த முட்டையில் பெரிய பாதி அவனுக்குப் போகும்.

அந்த மெஷினின் இரண்டு கைக்கும் உள்ளே தண்ணீர் ஓடும். ரப்பர் ஓஸ் வழியாக வந்து, டிப் வரைக்கும் போய்ச் சூட்டை வாங்கிக்கொண்டு திரும்பும். அந்த வருஷம் மழைக்காலத்தின் ஆரம்பத்தில், ஓஸை இறுக்கியிருந்த கிளிப் துருப்பிடித்து இளகிவிட்டது. சொட்டுச் சொட்டாக ஒழுகியது. ஒழுகின இடம் அவள் இடது கால் நிற்கிற இடம்.

"தம்பி, இந்தக் கிளிப்பு போயிடுச்சு பாரு. என் கால்மேலயே ஊத்துது."

"எழுதிக் குடுத்திருக்கேன்க்கா. ஸ்டோர்லேருந்து வரணும்."

"ஸ்டோர் என்ன கடல் தாண்டியா இருக்கு? செவுத்துக்கு அந்தப் பக்கம்தானே?"

"வந்துடும்க்கா."

அடுத்த வாரம் மறுபடி கேட்டாள். அதற்கடுத்த வாரமும் கேட்டாள். "இந்த லோடு போகட்டும், நானே கடைல வாங்கிட்டு வந்து மாட்டிடறேன், போதுமா?" என்றான். கந்தலைச் சுற்றிக் கட்டிப் பார்த்தாள். கந்தல் நனைந்து அதுவும் சொட்டியது. நாளெல்லாம் ஈரத்தில் நின்று விரலிடுக்கு வெந்துபோயிற்று. அவளுக்குச் சர்க்கரை வேறு இருந்தது. டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, "இது காயணும்மா. ஈரத்துல நின்னீங்கன்னா விரலை எடுக்க வேண்டி வரும்" என்று சாதாரணமாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து அவள் தன் விரலை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டியிருந்த ஒரு ஆஸ்பத்திரிக்கு நாற்பது கட்டில் போக வேண்டியிருந்தது. கடைசி இரண்டு நாளும் மழை விடவில்லை. கூரைத் தகட்டின் மேல் மழை கொட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். தரையெல்லாம் ஈரம். முதல் நாள் மத்தியானத்துக்கு மேல், கால் எரிச்சல் தாங்காமல் ஸ்பாட்டக்கா குனிந்து தண்ணீர்க் குழாயின் திருகைப் பிடித்து முக்காலே மூணு வீசம் மூடிவிட்டாள். கொஞ்சம் ஓடினால் போதும் என்று நினைத்தாள். சொட்டு நின்றது. உலர்ந்த துணியால் காலைத் துடைத்து, உலர்ந்த சாக்கின் மேல் வைத்தாள். அப்பாடா என்றிருந்தது.

தண்ணீர் குறைந்தால் டிப் சூடாகும். சூடானால் செம்பு இளகும். இளகின செம்பு, அழுத்த அழுத்தக் காளான் குடை மாதிரி பரந்துவிடும். ஊசி முனையில் போக வேண்டிய கரண்ட் உள்ளங்கையில் போனால் எப்படி உருகும்? இது அவளுக்குத் தெரியாததல்ல. புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுப்பது.

இரண்டாவது நாள் மத்தியானம் அவளுக்குச் சத்தத்திலேயே தெரிந்தது. நல்ல ஸ்பாட் டக்கென்று கடித்து, ஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டு, டக்கென்று விடும். அன்று அந்த மூச்சு மழைச் சத்தத்தில் கேட்கவில்லையா, அல்லது இல்லவே இல்லையா என்று ஒரு கணம் நின்றாள். குனிந்து பார்த்தாள். மிளகளவு இருக்க வேண்டிய குழி பட்டாணியளவு படர்ந்திருந்தது. நீல வளையம் வெளிறியிருந்தது. டிப்பைக் கழற்றி அரம் போட வேண்டும். கால் மணி நேர வேலை. வாசலில் லாரிக்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தார். முதலாளி இரண்டு தடவை வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றுவிட்டுப் போனார். இந்தக் கட்டில் முடியட்டும் என்று நினைத்தாள். அது முடிந்ததும், இன்னும் ஏழுதானே என்று நினைத்தாள்.

துண்டை ஒட்டித் தம்பியிடம் கொடுத்தாள். கொடுக்கும்போது அவன் முகத்தைப் பார்த்தாள். உளி வைக்கட்டும், பிரிந்து போகட்டும், ஐயோ என்று எல்லாவற்றையும் நிறுத்தட்டும் என்று ஒரு எண்ணம் ஓடியது உண்மை. அவன் வாங்கி ஒரு திருப்புத் திருப்பினான். அந்த மழையிருட்டில் வெளிச்சமும் இல்லை. பெட்டியில் போட்டான். முத்திரையை மையில் ஒற்றிக்கொண்டு வரிசையாகக் குத்திக்கொண்டே போனான்.

நாலு மணிக்கு லாரி போயிற்று. ஸ்பாட்டக்கா கால் கடுப்பில் அன்றைக்குச் சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

பதினெட்டாவது நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. வயிற்றில் ஆபரேஷன் செய்து ஐந்தாவது நாளான ஒரு பெண்மணியைச் சாய்வாக உட்கார வைக்க, கட்டிலின் தலைமாட்டை உயர்த்தியிருக்கிறார்கள். பாதி உயரத்தில் தகடு சட்டத்தை விட்டுப் பிய்ந்து, அந்தம்மா பிளவு வழியாகச் சரிந்து விழுந்துவிட்டாள். தையல் பிரிந்து, கை முறிந்து, உயிர் பிழைத்ததே பெரிய விஷயம் என்றார்கள்.

நாற்பது கட்டிலும் திரும்பி வந்து முற்றத்தில் அடுக்கப்பட்டன. ஆஸ்பத்திரியின் இன்ஜினியர் உளி வைத்தார். சுத்தியலால் தட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. நோட்டுப் புத்தகத்து லேபிள் உரிகிற மாதிரி தகடு உரிந்து வந்தது. முதல் பதினெட்டில் ஒன்றுகூடப் பிரியவில்லை. கடைசி இருபத்திரண்டும் பிரிந்தன. இன்ஜினியர் மெஷினைப் போய்ப் பார்த்தார். தண்ணீர் நன்றாக ஓடியது. டிப் கூர்மையாக, அரம் போட்டு அழகாக இருந்தது. இரண்டு துண்டை ஒட்டச் சொன்னார். பித்தான் பித்தானாக வந்தது.

டிப்புக்கு யார் அரம் போட்டது என்று ஸ்பாட்டக்கா அப்போது யோசிக்கவில்லை. லாரி போன மறுநாள் காலையில் வரும்போதே மெஷின் அப்படித்தான் இருந்தது. குழாய் திறந்திருந்தது, ஓஸில் பளபளவென்று ஒரு புதுக் கிளிப்பும் இருந்தது. ஸ்டோரிலிருந்து ஆள் வந்து மாட்டியிருப்பான் என்று இருந்துவிட்டாள்.

"மெஷின்ல கோளாறு இல்ல" என்றார் இன்ஜினியர். "அடிச்சது யாரு?"

முதலாளி அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அந்தம்மா பெடலை மிதிக்கும், அவ்வளவுதான் சார். பாக்கறதுக்குன்னு தனியா ஆள் வச்சிருக்கேன். முத்திரை யாருதுன்னு கேளுங்க."

"என்னுது சார்" என்றான் தம்பி.

"உளி வச்சுப் பாத்தீங்களா?"

"வைக்கல."

"ஏன்?"

நாலடி தள்ளி ஸ்பாட்டக்கா நின்றுகொண்டிருந்தாள். கையில் அரம் இருந்தது. 'குழாயை மூடினது நான்' என்று மூணு வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தொண்டையைச் செருமினாள். பிரஸ் மெஷின்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் இருமின மாதிரி செய்துவிட்டாள்.

வீட்டில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் தையல்காரர். திண்டாட்டம் என்றாலும் ஊசியில் நூல் கோத்தபடியேதான் பேசுவார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"சொல்லிட்டியா?"

"இல்ல. நாளைக்குச் சொல்லிடலாம்னு."

"சொன்னா?"

"அவன் வேலை போகாது."

"உன் வேலை?"

அவள் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அவன் ஆம்பளை. கை வேலை தெரிஞ்சவன். நாலு இடத்துல கூப்பிடுவாங்க. உன்னை இந்தக் காலோட யார் கூப்பிடுவாங்க? பொண்ணு படிப்பு இன்னும் ஒரு வருஷம் இருக்கு." நூலைப் பல்லால் அறுத்தார். "அப்புறம் உன் இஷ்டம்."

அவர் மேல் பழி போட்டு என்ன செய்வது? அவர் சொன்னதைக் கேட்டதும் தனக்கு ஆறுதலாக இருந்ததை அவள் மறக்கவில்லை.

மறுநாள் சொல்லலாம் என்று போனாள். தம்பி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். அதற்கு மறுநாளும் போனான். பழம் வாங்கிக்கொண்டு போய் வராந்தாவில் நின்றிருக்கிறான். அந்தம்மாவின் மகன் பழத்தைப் பிடுங்கி எறிந்து, சட்டையைப் பிடித்துத் தள்ளியிருக்கிறான். ஆனாலும் ஒரு வாரம் போனான். எட்டாவது நாள் முதலாளி கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். போகும்போது மெஷினுக்குப் பக்கத்தில் வந்து, "வர்றேன்க்கா" என்றான். அவள் பெடலிலிருந்து காலை எடுக்காமல், "ம்" என்றாள்.

நாலு இடத்தில் யாரும் கூப்பிடவில்லை. பட்டறைகள் எல்லாம் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரம். அங்கே ஒருவன் தும்மினால் இங்கே மூக்கைத் துடைப்பார்கள். உளி வைக்காமல் முத்திரை குத்தினவன் என்று போகிற இடத்துக்கெல்லாம் அவனுக்கு முன்னாலேயே செய்தி போய்ச் சேர்ந்தது. "என்ன இன்ஸ்பெக்டரே, பித்தான் கழண்டுடுச்சா?" என்று பிரஸ் மெஷின்காரர் டீக்கடையில் கேட்டாராம். வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் அது பரவிவிட்டது. கடைசியில் லாரிகளை எடை போடுகிற மேடையில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து சீட்டுக் கிழிக்கிற வேலை கிடைத்தது. எட்டு வருஷமாக அதுதான்.

அவன் மனைவி வாய்க்காரி என்று பெயர் வாங்கினது அதற்குப் பிறகுதான். முன்பெல்லாம் அதிர்ந்து பேச மாட்டாள். ஸ்பாட்டக்கா போகும்போதெல்லாம், கேட்கிற மாதிரியே பேச்சு வரும்.

"ஒரு உளி. ஒரு தட்டு. அதுக்குக் கை வலிச்சிருக்கு இவருக்கு. ஒரு பொம்பளை சாகக் கெடந்தா. பாருங்க அண்ணி, கதவைத் தாப்பாள் போட்டியான்னு கேட்டாகூட இவர் சொல்றதை நான் நம்பறதில்ல. எழுந்து போயி நானே பாத்துட்டுத்தான் படுப்பேன்."

தம்பி சிரிப்பான், அல்லது வெளியே போய்விடுவான். ஸ்பாட்டக்கா டீயைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வருவாள். போவது குறைந்தது. மாசம் ஒரு தடவை, பிறகு எப்போதாவது.

எட்டு வருஷம் கழித்துப் பட்டறைக்குப் புது மெஷின் வந்தது. பெடலை லேசாகத் தொட்டாலே காற்றழுத்தத்தில் கை இறங்கும். மாட்டிக்கொடுக்க வந்த மெக்கானிக் நன்றாகப் பேசுகிற மனுஷர். ஸ்பாட்டக்காவை நிற்கவைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"இப்ப பாருங்கம்மா." குழாயைத் திருகி மூடினார். "மிதிங்க."

மிதித்தாள். கை இறங்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது.

"தண்ணி குறைஞ்சா அடிக்கவே அடிக்காது. எத்தனை தடவை மிதிச்சாலும். பழைய மெஷின்ல இது கிடையாதே? தண்ணியில்லாமலும் அது பாட்டுக்கு அடிச்சுக்கிட்டே இருக்கும். மேல பாத்தா லட்சணமா இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது." பிறகு குரலைத் தாழ்த்தி, "இங்ககூட முன்னாடி கட்டிலெல்லாம் பிரிஞ்சு வந்துச்சாமே? முதலாளி சொன்னாரு. நிச்சயம் தண்ணிதான்மா. பாவம், யாரோ ஒருத்தரை அனுப்பிட்டாங்களாம்."

அவள் மறுபடி பெடலை மிதித்தாள். மறுபடி சிவப்பு விளக்கு.

"அதான் சொன்னேனேம்மா, அடிக்காது" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் வாசற்படியில் உட்கார்ந்து ஒரு மேஜை விசிறியைப் பிரித்துப்போட்டிருந்தான். உள்ளே அவன் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். வெயில் கடுமையாக இருந்தது. ஸ்பாட்டக்கா அவன் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தாள்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அன்னிக்குத் தண்ணிக் குழாயை மூடினது நான்தான்."

அவன் ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டிருந்தான். "தெரியும்க்கா" என்றான்.

"என்ன தெரியும்?"

"நீ போனப்புறம் மெஷினைத் துடைக்கப் போனேன். ஓஸ் சுட்டுது. டிப்பு காளான் மாதிரி இருந்துச்சு. நான்தான் திறந்தேன். நான்தான் அரம் போட்டேன். கடைக்குப் போய்க் கிளிப்பும் வாங்கிட்டு வந்து மாட்டினேன்."

"ஏன்டா சொல்லல? இன்ஜினியர் கேட்டப்ப?"

"என்னன்னு சொல்றது? எங்கக்கா மூடிட்டான்னா? ஏன் மூடினேன்னு உன்னைக் கேப்பாங்க. நீ காலைக் காட்டுவ. மூணு தடவை கிளிப்பு கேட்டேன்னு சொல்லுவ. யார்கிட்ட கேட்டே? என்கிட்டதானே?"

"அதுக்காக…"

"இருக்கா, இன்னும் இருக்கு." கையிலிருந்ததைக் கீழே வைத்தான். "நான் ஓஸைத் தொட்டப்ப லாரி போயி ஒரு மணி நேரம்தான் ஆயிருந்துச்சு. ஒரு போன் போட்டிருந்தா அப்படியே திரும்பி வந்திருக்கும். ஆபீஸ் வரைக்கும் போனேன். போனையும் எடுத்தேன். எடுத்துட்டு, எல்லாமே பிரியாது, அக்கா அடிச்சதாச்சேன்னு வச்சுட்டேன். அந்தம்மா விழுந்தது உன்னால இல்ல. என்னால. அதுக்குத்தான் நான் பேசாம இருந்தேன். நீ போட்டு மனசைக் குழப்பிக்காத."

ஸ்பாட்டக்கா உள்ளே துணி மடிக்கிறவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவகிட்ட சொல்லிடறேன்" என்றாள்.

"வேண்டாம்க்கா. எட்டு வருஷம் ஆச்சு. திட்டு வாங்கி வாங்கிப் பழகிடுச்சு."

"எதை என்கிட்ட சொல்ல வேண்டாம்?"

தம்பி மனைவி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மடித்த சட்டை ஒன்று கையில் இருந்தது. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. ஸ்பாட்டக்கா எழுந்து நின்றாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். கால் புண்ணை, குழாயை, மழையை, துண்டைக் கொடுத்தபோது அவன் முகத்தைப் பார்த்ததை, இருமினதை. ஒன்றையும் விடவில்லை.

தம்பி மனைவி நின்ற இடத்திலேயே கேட்டாள். முடிந்ததும், "அன்னிக்கே சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும் அண்ணி?" என்று கேட்டாள்.

"என் வேலை போயிருக்கும்."

"இவரு வேலை?"

"போயிருக்காது. அதட்டிட்டு விட்டிருப்பாங்க."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "உனக்கும் முழுசாத் தெரியும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எட்டு வருஷம்" என்றாள். சத்தம் போடவில்லை. "தாப்பாள் போட்டியான்னு கேப்பேன். அடுப்பை அணைச்சியான்னு கேப்பேன். பிள்ளைங்க எதிர்ல எத்தனை தடவை சொல்லியிருக்கேன், உங்கப்பா மாதிரி ஆயிடாதீங்கன்னு. நீ சிரிச்சே. இவங்க டீ குடிச்சாங்க. அக்காவும் தம்பியும் சேந்து ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்திக்கிட்டீங்க. என்னைத்தான் பொல்லாதவளாக்கிட்டீங்க."

"மன்னிச்சுடும்மா" என்றாள் ஸ்பாட்டக்கா.

"என்கிட்ட சொல்லி என்ன அண்ணி? அவரு தப்பு அவரோட. உங்க தப்பை, அவரை இன்ஸ்பெக்டர்னு கூப்பிட்டுச் சிரிச்சாங்க பாருங்க, அங்க போய்ச் சொல்லுங்க." சட்டையை உதறி மறுபடி மடித்தாள். "சொல்லிட்டு எனக்கு ஒரு வார்த்தை போன் பண்ணுங்க."

திங்கட்கிழமை காலையில் முதலில் முதலாளியிடம் போனாள். அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டுவிட்டு, "அட, அதெல்லாம் எப்பவோ நடந்தது. இப்ப எதுக்கும்மா? போங்க, லோடு நிக்குது" என்றார். அவருக்கு இது ஒரு இம்சையாக இருந்தது, அவ்வளவுதான்.

பத்தரைக்கு டீ வந்தது. எல்லோரும் வெட்டின தகட்டுக் கட்டுகளின் மேல் வரிசையாக உட்கார்ந்து ரொட்டியை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். ஸ்பாட்டக்கா டீயை வாங்காமல் எதிரில் போய் நின்றாள்.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். எட்டு வருஷத்துக்கு முன்னாடி கட்டில் பிரிஞ்சு ஒரு அம்மா விழுந்தாங்க. அதுக்கு இன்ஸ்பெக்டரை அனுப்பினாங்க. தண்ணியை மூடி, மோசமா அடிச்சது நான். தெரிஞ்சும் அடிச்சேன். அப்புறமும் வாயைத் திறக்கல. அவரைக் கேலி பண்ணீங்க, நான் கேட்டுக்கிட்டு நின்னேன்."

சொல்லி முடித்துவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெயிண்ட் அடிக்கிற பெண் பக்கத்திலிருந்தவளிடம், "எந்த இன்ஸ்பெக்டர்? போலீஸா?" என்று மெதுவாகக் கேட்டது காதில் விழுந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிரஸ் மெஷின்காரர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். வெட்டுகிறவர்கள் இரண்டு பேரும் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். ஸ்டோர்காரர் பையனோடு போய் இருக்கிறார். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் அதிக காலமாக இருப்பவர்கூட வந்து ஐந்து வருஷம்தான்.

"அவங்களுக்குப் பெரிய அடியாக்கா? அந்த அம்மாவுக்கு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கை முறிஞ்சு, தையல் பிரிஞ்சுடுச்சு. பிழைச்சுட்டாங்க."

"அந்த இன்ஸ்பெக்டர் சார் இப்ப இருக்காரா?"

"இருக்கான். என் தம்பி."

"அப்ப அவர்கிட்டயே சொல்லிடுங்கக்கா. சந்தோஷப்படுவாரு" என்றாள் அந்தப் பெண், நல்ல மனசோடு. ஆறிப்போகும் என்று ஒரு தம்ளர் டீயை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். மணி அடித்தது. எல்லோரும் கையை உதறிவிட்டு எழுந்து போனார்கள்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்தாள். தம்பி மனைவிதான் எடுத்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"எல்லார் எதிர்லயுமா?"

"எல்லார் எதிர்லயும்தான்."

"என்ன சொன்னாங்க?"

ஏதாவது சொல்லியிருக்கலாம். வருத்தப்பட்டார்கள், தலை குனிந்தார்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் இனி அவளால் அப்படிச் சொல்ல முடியாது.

"ஒண்ணும் சொல்லலம்மா. அவனைத் தெரிஞ்சவங்க இங்க யாருமே இல்ல. எல்லாம் புது ஆளுங்க. இன்ஸ்பெக்டர்னா யாருன்னு கேக்கறாங்க."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அண்ணி" என்றாள் தம்பி மனைவி. "அவரு இன்னும் உங்க பட்டறைத் தெரு வழியாப் போறதில்ல. சிரிச்சவங்க கண்ல படக் கூடாதுன்னு, தினம் ரயில்வே கேட்டைச் சுத்திக்கிட்டுத்தான் வேலைக்குப் போறாரு. இன்னிக்குக் காலைலகூட அப்படித்தான் போனாரு."